வாக்குச்சீட்டு எட்டாத வரவுசெலவு

செமினி சட்டமன்றத் தொகுதி மக்கள் ஐந்தேகால் ஆண்டுக்குள் நான்கு முறை வாக்குச்சாவடி வரிசையில் நின்றார்கள். முதலில் 2018 மே 9 பொதுத் தேர்தல். அதில் வென்ற சட்டமன்ற உறுப்பினர் 2019 ஜனவரியில் காலமானதால் மார்ச் 2இல் இடைத்தேர்தல். 2022 நவம்பர் 19இல் செமினி அடங்கிய உலு லங்காட் நாடாளுமன்றத் தொகுதிக்கு வாக்களிப்பு. 2023 ஆகஸ்ட் 12இல் மறுபடி மாநிலத் தேர்தல். பழக்கத்துக்குப் போட்டுவிட்டு வந்த வாக்குகளும் அல்ல அவை. பக்காத்தான் ஹராப்பான் சிலாங்கூரை ஆண்டுகொண்டிருந்த 2019இல் தேசிய முன்னணி வேட்பாளரை வெல்ல வைத்தார்கள். பக்காத்தானும் தேசிய முன்னணியும் கைகோத்து நின்ற 2023இல் பெரிக்காத்தான் நேஷனல் வேட்பாளரை அனுப்பினார்கள்.

இந்த நான்கில் ஒன்றுகூடக் காஜாங் நகராண்மைக் கழகத்தைத் தொடவில்லை. தெருவிளக்கு, கால்வாய், குப்பை, சந்தை, பொது மண்டபம், கடை உரிமம் என்று செமினிவாசிகளின் அன்றாடத்தை நடத்துவது அந்தக் கழகம்தான். ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்ட் இறுதிக்குள்ளும், மதிப்பீட்டு வரி கேட்டு வீட்டுக்கு பில் அனுப்புவதும் அதுவே. அதன் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. அதன் வரவுசெலவுத் திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் தருகிறது. எதிர்க்கட்சிக்கு வாக்களித்த தொகுதியில் நியமனம் மட்டும் ஆளுங்கட்சிகளின் பங்கீட்டின்படி நடக்கும். வாக்காளர் ஒரு பக்கம் சாய, கழகம் அசையாமல் பழைய பக்கமே இருக்கும்.

உலகின் பல பகுதிகளில் நகராட்சிகள் தமக்கு வகுத்த வரி அல்லது செலவு வரம்பைத் தாண்ட வேண்டுமானால் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த விதி நல்லதா, கெட்டதா என்பது அரை நூற்றாண்டாகத் தொடரும் வாதம். உள்ளாட்சித் தேர்தலே இல்லாத நாட்டில் அதைப் பற்றிப் பேசுவது கைக்கு எட்டாத கனிக்கு விலை பேசுவது போலத் தோன்றலாம். ஆனால் வரம்பு என்பது மலேசியாவிலும் உண்டு. வரம்பை உயர்த்தும் அதிகாரமும் ஓரிடத்தில் உண்டு. அது யார் கையில் இருக்கிறது, மக்களிடம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்பதற்குச் செமினியும் கிள்ளான் பள்ளத்தாக்கும் நல்ல களம்.

முதலில் வெளியுலக அனுபவத்தைப் பார்த்துவிடலாம். இந்தக் கதையின் தொடக்கமாகப் பெரும்பாலும் கலிஃபோர்னியாவைச் சொல்வார்கள். 1978 ஜூன் 6 அன்று அங்கே மக்கள் 13ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். சொத்து வரி, மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. வீடு கைமாறும்வரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது. தனி நோக்கத்துக்கான உள்ளூர் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் ஒப்புதல் வேண்டும். அடுத்த ஆண்டே அரசின் செலவுக்கும் தனி வரம்பு வந்தது. வீட்டு விலை ஏறியதால் வரி கட்ட முடியாமல் தவித்த முதியவர்களுக்கு இது உண்மையான நிம்மதி. ஆனால் ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டில், முன்பே வாங்கியவர் ஒரு தொகையும் நேற்று வாங்கியவர் பல மடங்கும் கட்டும் நிலை உருவானது. அதைவிட முக்கியமானது வேறொன்று. உள்ளூர் வரி சுருங்கியதும் பள்ளிகளும் நகராட்சிகளும் மாநிலத் தலைநகரின் பணத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. வரியைக் கட்டிப்போட்ட கயிறு அதிகாரத்தையும் ஊரிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கொலராடோ இன்னும் கடுமையான வழியில் போனது. 1992இல் அந்த மாநிலத்தின் அரசியலமைப்பில் சேர்ந்த வரிசெலுத்துவோர் உரிமைச் சட்டத்தின்படி, மாநிலத்தின் செலவு, பணவீக்கமும் மக்கள்தொகை வளர்ச்சியும் சேர்ந்த அளவுக்கு மேல் ஏற முடியாது. நகரங்களுக்கு மக்கள்தொகைக்குப் பதிலாகப் புதுக் கட்டுமானத்தின் வளர்ச்சி கணக்கில் வரும். மிஞ்சி வரும் வருவாயை மக்களுக்குத் திருப்பித் தர வேண்டும். வைத்துக்கொள்ள வேண்டுமானால் வாக்கெடுப்பு. கேட்க நியாயமாக இருக்கிறது. சிக்கல் மந்தக் காலத்தில் வெளிப்பட்டது. வருவாய் விழுந்த ஆண்டில் அடிப்படைத் தொகையும் விழும். அடுத்த ஆண்டு பொருளாதாரம் எழுந்தாலும் வரம்பு அந்தத் தாழ்ந்த படியிலிருந்தே எண்ணப்படும். 2001ஐ ஒட்டிய சரிவுக்குப் பிறகு மாநிலம் மூச்சு முட்டியது. 2005 நவம்பரில் வாக்காளர்களே ஐந்தாண்டு விலக்குக் கொடுத்தார்கள். நகரங்களும் மாவட்டங்களும் பள்ளி வாரியங்களும் தனித்தனியே வாக்கெடுப்பு நடத்தி, மிஞ்சிய பணத்தை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கின. சட்டத்தை எழுதிய டக்ளஸ் புரூஸின் பெயரை வைத்தே அந்த விலக்குகளை ‘புரூஸ் நீக்கம்’ என்று அழைக்கிறார்கள். தான் எழுதிய சட்டத்திலிருந்து விடுபடுவதற்கே தன் பெயர் நிலைத்துப்போன மனிதர் அவர்.

இவற்றில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஏற்பாடு. 1980இல் வந்த அந்தச் சட்டத்தின்படி ஒரு ஊர் திரட்டும் சொத்து வரி, புதுக் கட்டடங்களால் வருவதை நீக்கிப் பார்த்தால், ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமானால் ஊர்மக்களின் பெரும்பான்மை ஒப்புதல் தேவை. இதில் இரண்டு வகைக் கேள்விகளைச் சட்டம் பிரித்து வைத்திருப்பதுதான் நுட்பம். ஒன்று, வரம்பை நிரந்தரமாக உயர்த்துவது. மற்றொன்று, ஒரு பள்ளிக் கட்டடத்துக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ வாங்கும் கடனை மட்டும் வரம்புக்கு வெளியே வைப்பது. கடன் அடைந்ததும் கூடுதல் வரியும் நின்றுவிடும். வரம்பைக் குறைக்கச் சொல்லியும் மக்கள் வாக்களிக்கலாம். குறை இல்லாமல் இல்லை. நிரந்தர உயர்வுக்கு இசைவு தருபவை பெரும்பாலும் வசதி படைத்த சிற்றூர்களாக இருக்கின்றன. தேவை அதிகமுள்ள ஏழை நகரங்கள் கேட்கவே தயங்குகின்றன. ஆனாலும் ‘எதற்காக, எவ்வளவு காலத்துக்கு’ என்று கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும் என்ற ஒழுங்கு அங்கே உண்டு.

இங்கிலாந்தின் அனுபவம் கிட்டத்தட்ட நகைச்சுவை. 2011ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம், மத்திய அமைச்சர் அறிவிக்கும் விழுக்காட்டைத் தாண்டி வரியை உயர்த்தும் மன்றங்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றது. 2015 மே மாதம் பெட்ஃபோர்ட்ஷயர் காவல் ஆணையர் தன் பங்கு வரியை 15.8 விழுக்காடு உயர்த்தக் கேட்டார். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கிவிட்டதால் உயர்த்தப்பட்ட தொகையோடு பில்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தன. ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். 2017இல் சர்ரே மாவட்ட மன்றம் 15 விழுக்காடு கேட்கப்போவதாக அறிவித்துப் பின்வாங்கியது. அதன்பின் மன்றங்கள் வரம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுகொள்ளப் பழகிவிட்டன. சொல்லப்போனால் அங்கே மக்கள் ஒப்புதல் என்பது ஒரு பூட்டு. சாவி இருப்பது லண்டனில் உள்ள அமைச்சரிடம்.

சுவிட்சர்லாந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்குள்ள சிறு ஊராட்சிகளில் மக்கள் ஒரே மண்டபத்தில் கூடி ஆண்டு வரவுசெலவையும் வரி விகிதத்தையும் கையுயர்த்தி முடிவு செய்கிறார்கள். பெரிய செலவுகளுக்குக் கட்டாய வாக்கெடுப்பு வைத்திருக்கும் மாநிலங்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகச் செலவழிக்கின்றன என்று லார்ஸ் ஃபெல்ட், ஜான் மட்சுசாகா இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வாக்கெடுப்பு செலவைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு இது வலுவான சான்று. குறைந்த செலவே நல்ல செலவு என்பதற்குச் சான்று அல்ல.

இனி நம் ஊர். மலேசியாவில் உள்ளூர் வரியும் வாக்கும் ஒரு காலத்தில் சேர்ந்தே இருந்தன. 1857இல் ஜார்ஜ் டவுனில் வரி கட்டியவர்கள் நகராண்மை ஆணையர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1913இல் பிரிட்டிஷார் அந்தத் தேர்தலை நிறுத்திவிட்டு நியமனத்துக்கு மாறினார்கள். 1951 டிசம்பர் 1இல் ஜார்ஜ் டவுனிலும் 1952 பிப்ரவரி 16இல் கோலாலம்பூரிலும் தேர்தல் திரும்பியது. அம்னோவும் மசீசவும் முதன்முதலாகக் கூட்டுச் சேர்ந்ததே அந்தக் கோலாலம்பூர் தேர்தலில்தான். 12 இடங்களில் 9 அவர்களுக்குக் கிடைத்தது. நாட்டின் ஆட்சியைத் தீர்மானித்த கூட்டணி ஒரு நகரசபைத் தேர்தலில் பிறந்தது என்பதை இன்று நினைவுகூர்பவர்கள் குறைவு. ஜார்ஜ் டவுன் 1957இல் மாநகரமானபோது டி. எஸ். ராமநாதன் அதன் முதல் மேயரானார். தொழிலாளர் கட்சியின் கையில் இருந்த அந்த மாநகராட்சி தன் வருவாயைத் தானே திரட்டித் தானே செலவழித்தது.

கோலாலம்பூரில் 1961லேயே தேர்தல் முடிந்துபோனது; கூட்டரசுத் தலைநகர் சட்டத்தின் கீழ் அது ஓர் ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டது. மற்ற ஊர்களில் 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டித் தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. ஜார்ஜ் டவுன், சிரம்பான் உள்ளிட்ட சில மன்றங்களின் மேல் முறைகேட்டுப் புகார்களும் இருந்தன. அதே ஆண்டு அரசு ஓர் அரச ஆணையம் அமைத்தது. தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். மஇகாவின் மூத்த தலைவர்; ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர். மூன்றாண்டுக்கு மேல் நாடெங்கும் விசாரித்து 1968 டிசம்பரில் ஆணையம் அறிக்கை கொடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி திரும்ப வேண்டும் என்பதே அதன் சாரம். ஐந்தே மாதத்தில் 1969 மே இனக் கலவரம் வந்தது. அறிக்கையின் அந்தப் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், அதன் 15ஆம் பிரிவில், தேர்தல் பற்றிய விதிகள் யாவும் செல்லாது என்று எழுதி வைத்தது. நம்மவர்களுக்கு ஜானகியைத் தெரிந்த அளவுக்கு அவர் கணவரின் அறிக்கையைத் தெரியாது. மலேசியத் தமிழர் ஒருவர் தலைமையில் உருவான அரச ஆவணங்களில் அதற்கு இணையான கனமுள்ளது வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டம்தான் வரம்புகளையும் வகுக்கிறது. மதிப்பீட்டு வரி, சொத்தின் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆண்டு மதிப்பு என்பது அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகை. மாதம் 1,000 ரிங்கிட் வாடகை பெறும் ஒரு தரைவீட்டுக்கு ஆண்டு மதிப்பு 12,000. சட்டப்படி 4,200 ரிங்கிட் வரை வரி கேட்கலாம். கோலாலம்பூரில் குடியிருப்புகளுக்கு இன்று நடைமுறையில் உள்ள 4 விழுக்காட்டில் கணக்கிட்டால் 480 ரிங்கிட்தான் வரும். சட்டத்தின் உச்சவரம்பு எவருக்கும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதனால் அது யாரையும் காப்பதில்லை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மதிப்பீட்டுப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறது. அதையே வேறு காலக்கெடுவாக மாற்றிக்கொள்ள மாநில அரசுக்கு அதிகாரமும் இருக்கிறது. பல மன்றங்கள் இருபது, முப்பது ஆண்டுகள் பட்டியலைத் தொடாமல் விட்டதற்கு இதுவே வழி.

அப்படி விட்டதன் விளைவைக் கோலாலம்பூர் 2013இல் கண்டது. 1992க்குப் பிறகு 21 ஆண்டுகள் கழித்து மாநகர மன்றம் புதிய மதிப்புகளை அனுப்பியது. சில வீடுகளின் ஆண்டு மதிப்பு பல மடங்கு ஏறியிருந்தது. ஆட்சேபக் கடிதங்கள் குவிந்தன. குடியிருப்பாளர் சங்கங்கள் திரண்டன. கடைசியில் குடியிருப்புக்கான விகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4க்கும், வணிகக் கட்டடங்களுக்கு 12இலிருந்து 10க்கும் இறங்கியது. வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஆனால் நடந்தது ஏறக்குறைய வாக்கெடுப்புதான்: மக்கள் மறுத்தார்கள், மன்றம் பின்வாங்கியது. என்ன வேறுபாடு என்றால், ‘இந்தப் பணம் இன்னின்ன வேலைக்கு, வேண்டுமா, வேண்டாமா’ என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

சிலாங்கூரின் முறை 2025இல் வந்தது. ஊராட்சி மன்றங்கள் நெடுநாள் கழித்து மதிப்பீட்டைத் திருத்தியபோது எதிர்ப்பு எழுந்தது. உயர்வு 25 விழுக்காட்டுக்கு மேல் போகாது என்று மாநில அரசு உறுதி கொடுத்தது. இந்த 25 எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லை. எந்த ஊரும் அதற்கு வாக்களிக்கவில்லை. மாநில ஆட்சிக்குழு தன் அரசியல் நாடியைப் பிடித்துப் பார்த்துச் சொன்ன எண் அது. கலிஃபோர்னியாவிலும் மாசசூசெட்ஸிலும் வரம்பை வகுத்தவர்கள் வாக்காளர்கள். இங்கே வரம்பை வகுப்பதும் தளர்த்துவதும், மீறினால் மன்னிப்பதும் மாநில அரசு ஒன்றே.

சரி, பில் கையில் கிடைத்த செமினிக்காரர் என்ன செய்யலாம்? சட்டம் அவருக்கு ஓர் உரிமை தருகிறது: தன் வீட்டின் மதிப்பு அதிகம் என்று எழுத்தில் ஆட்சேபிக்கலாம், விசாரணைக்குப் போகலாம், முடிவு பிடிக்காவிட்டால் உயர்நீதிமன்றம் வரை செல்லலாம். இவ்வளவும் அவர் வீட்டைப் பற்றி மட்டும். மன்றம் வசூலித்த மொத்தத்தில் எவ்வளவு சம்பளம், எவ்வளவு குப்பை ஒப்பந்தம், எவ்வளவு புது அலுவலகக் கட்டடம் என்பதைப் பற்றி ஆட்சேபிக்க அந்தப் படிவத்தில் இடமில்லை. மன்றத்தின் முழுக்கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை; காரியம் முடிவாகும் குழுக்கூட்டங்கள் அப்படியல்ல. சிலாங்கூரில் 2011 முதல் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, கேட்டால் கணக்கு கிடைக்கும். கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டுத் தெரிந்துகொண்டபின் அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

தமிழர்களுக்கு இந்த உறவில் இன்னொரு பழைய வடுவும் உண்டு. உலு லங்காட்டின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு நகராண்மைக் கழகம் என்பதே தெரியாது. தோட்டம் தனியார் நிலம். சாலையும் விளக்கும் குடிநீரும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று சொல்லி ஊராட்சி மன்றங்கள் வாசலோடு நின்றுவிட்டன. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்பாக மாறிய பிறகு அதே குடும்பங்கள் தாமானில் வீடு வாங்கி முதன்முதலாக வரி கட்டின. சேவையும் கிடைத்தது, உண்மைதான். ஆனால் யாரை அணுகிக் கேட்பது என்பது பழைய தோட்டத்து வழியிலேயே தொடர்ந்தது: கட்சிக் கிளைத் தலைவர், நியமன உறுப்பினர், மாநில அரசு நியமிக்கும் இந்தியச் சமூகத் தலைவர். விண்ணப்பம் போடுவது, நினைவூட்டுவது, காத்திருப்பது. கோயில் முன்னால் ஒரு விளக்குக் கம்பம் வந்தால் அதைத் தந்தவருக்கு மாலை. வரி கட்டியவரின் உரிமை தந்தவரின் தயவாக மாறிப்போகும் இந்தப் பழக்கம் வரம்பைத் தாண்டிய செலவைவிட அதிக தீங்கு செய்திருக்கிறது என்பது என் எண்ணம்.

பெரிய செலவுகளில் மக்கள் குரல் எப்படி ஒலித்தது என்பதற்குச் செமினியின் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் புரோகாவில் ஏறத்தாழ 150 கோடி ரிங்கிட் செலவில், நாளொன்றுக்கு 1,500 டன் குப்பையை எரிக்கும் ஆலை ஒன்றைக் கூட்டரசு திட்டமிட்டது. முதலில் பூச்சோங் அருகே நினைத்திருந்த இடத்தை மக்கள் எதிர்த்ததால் இங்கே வந்த திட்டம் அது. புரோகா மக்கள் நடவடிக்கைக் குழு அமைத்தார்கள், நீதிமன்றம் ஏறினார்கள், ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2007இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. நடத்தும் செலவு தாங்காது என்பதும் அதற்குச் சொன்ன காரணம். அது நகராண்மைத் திட்டம் அல்ல என்பது சரிதான். ஆனால் அந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே ஊர் முன்னால் வைத்து ஒப்புதல் கேட்டிருந்தால் எத்தனை ஆண்டுகள், எத்தனை வழக்குச் செலவு மிஞ்சியிருக்கும். மறுபக்கம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ்: சுமார் 35 மில்லியன் ரிங்கிட் செலவில் லிட்டில் இந்தியாவாக மாற்றியமைக்கப்பட்டு, 2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்களால் திறந்துவைக்கப்பட்டது. வளைவும் விளக்கும் வந்தன. அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்களிடம் அந்தப் பணத்தை வேறு எதற்குச் செலவிடலாம் என்று வாக்கு கேட்கப்படவில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டால், மக்களிடம் வாக்கைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். அப்படி அல்ல என்பதற்குச் சான்றும் செமினியிலேயே கிடைக்கிறது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் அதை ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி உரிமையாளர்கள் பொதுக்கூட்டத்தில் கூடிப் பராமரிப்புக் கட்டணத்தை முடிவு செய்ய வேண்டும். அந்தக் கட்டணத்தில் 10 விழுக்காட்டை எதிர்காலப் பெருஞ்செலவுக்கான நிதியில் சேர்க்க வேண்டும். கூட்டத்துக்கு ஏழு நாளுக்கு முன் பாக்கி வைத்திருப்பவர் வாக்களிக்க முடியாது. வேறு பெயரில் இதுவே செலவு வரம்புக்கான மக்கள் ஒப்புதல். மின்தூக்கிப் பழுது, பாதுகாவலர் சம்பளம், கூரைக் கசிவு என்று நிர்வாகக் குழு கணக்கு வாசிக்கும். கட்டணத்தைச் சதுர அடிக்குச் சில காசு உயர்த்தலாமா என்று கேட்டதும் மண்டபம் கொதிக்கும். ஏற்கெனவே கட்டாதவர்களிடம் முதலில் வாங்குங்கள் என்பார் ஒருவர். வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருப்பவர் வரவே மாட்டார்; அல்லது எதிர்த்து வாக்களிக்கச் சொல்லிப் பதிலாள் கடிதம் அனுப்புவார். தீர்மானம் தோற்கும். அடுத்த ஆண்டு இரண்டு மின்தூக்கிகளில் ஒன்று நிற்கும். பத்தாவது மாடியில் இருக்கும் மூத்தவர்தான் அந்த முடிவின் விலையைக் கட்டுவார்.

ஆனால் இதே சட்டத்தின் கீழ் நன்றாக நடக்கும் குடியிருப்புகளும் உண்டு. வேறுபாடு மக்களின் குணத்தில் இல்லை. மாதந்தோறும் வரவுசெலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் குழு, மூன்று விலைப்புள்ளி வாங்கிக் காட்டும் குழு, ‘இந்தத் தொகை கூரைக்கு, இரண்டே ஆண்டுக்கு’ என்று கேட்கும் குழு உயர்வைப் பெற்றுவிடுகிறது. ஆண்டு முழுக்க வாய் திறக்காமல் இருந்து பொதுக்கூட்டத்தன்று கையேந்தும் குழு தோற்கிறது. மாசசூசெட்ஸ் சட்டம் எழுத்தில் வைத்திருப்பதும் அதையே.

தமிழ்நாட்டு அனுபவம் வேறு திசையில் கற்றுத் தருகிறது. அங்கே 2018இல் உயர்த்திய சொத்து வரி, உள்ளாட்சித் தேர்தல் நெருங்குவதாகத் தெரிந்த 2019இல் நிறுத்திவைக்கப்பட்டது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில் முடிந்தது. ஏப்ரலில் 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்வு அறிவிப்பு வந்தது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் நாற்காலியில் உட்கார்ந்த சூட்டிலேயே மாநில அரசின் முடிவை ஏற்க வேண்டியிருந்தது. தேர்தல் இருந்தால் போதாது, வரி விகிதத்தை முடிவு செய்யும் அதிகாரமும் தேர்ந்தெடுத்தவரிடம் இருக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது. கிராமங்களில் கிராம சபை ஊராட்சியின் வரவுசெலவையும் தணிக்கையையும் பரிசீலிக்கலாம் என்று 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. ஊருக்கு ஊர் அது நடக்கும் தரம் வேறு. ஆனால் கணக்கை ஊர் நடுவில் வாசிக்கும் வழக்கமாவது இருக்கிறது.

மலேசியாவில் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2010இல் பினாங்கும் சிலாங்கூரும் தேர்தல் ஆணையத்தைக் கேட்டன, மறுப்பு வந்தது. பினாங்கு 2012இல் தனிச் சட்டமே இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்றது. 2018இல் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சர் மூன்றாண்டில் தேர்தல் வரும் என்றார். அதே ஆண்டு டிசம்பரில் பிரதமர் மகாதீர் அது இன மோதலுக்கு வழிவிடும் என்று கதவைச் சாத்தினார். நகரங்களில் சீனர் அதிகம், கிராமங்களில் மலாய்க்காரர் அதிகம் என்ற 1960களின் படத்தை வைத்தே இந்த அச்சம் பேசப்படுகிறது. செமினியைச் சுற்றி வந்தாலே அந்தப் படம் பழசாகிவிட்டது தெரியும். தோட்டங்கள் இருந்த இடத்தில் எழுந்த செத்தியா எகோஹில், எகோ மஜெஸ்டிக் போன்ற புது நகர்களிலும் பழைய தாமான்களிலும் மூவினத்தாரும் ஒரே கால்வாய் அடைப்பைப் பற்றித்தான் புலம்புகிறார்கள்.

வாக்கெடுப்புக்குச் சிறிய முன்னோட்டம் ஒன்று பினாங்கில் நடந்தது. 2012இல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் இரண்டு நகராண்மைக் கழகங்களோடு சேர்ந்து, ஜாலான் சுங்கை, அம்பாங்கான் அடுக்குமாடிகளில், ஒதுக்கிய பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று குடியிருப்பாளர்களையே வாக்களிக்கச் சொன்னது. பெரிய தொகை அல்ல. ஆனாலும் அந்தக் குடியிருப்புகளின் பெண்களும் முதியவர்களும் தங்களுக்கு எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தினார்கள். சட்டத்திருத்தம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. காஜாங் நகராண்மைக் கழகம் நாளைக்கே ஒரு வட்டாரத்தில் இதைச் செய்து பார்க்கலாம்.

பெரிய ஏற்பாட்டுக்கு வந்தால், என் கருத்து இது. ஆண்டு வரவுசெலவு முழுவதையும் வாக்கெடுப்பின் கீழ் கொண்டுவருவது வேண்டாம். சிலாங்கூரில் குப்பை அள்ளும் பணி மாநிலத்துக்குச் சொந்தமான கேடிஇபி நிறுவனத்திடம் இருக்கிறது. எண்ணெய் விலையும் கூலியும் ஏறினால் அந்தச் செலவு ஏறியே தீரும். அதற்கு வாக்கெடுப்பு வைத்தால் மன்றம் தோற்று, கால்வாய்ச் சீரமைப்பை வெட்டி ஈடுகட்டும். வெட்ட முடியாதபோது வேறு வாசலைத் தேடும்: உரிமக் கட்டணம், அபராதம், வாகன நிறுத்தக் கட்டணம். சிலாங்கூரின் சில மன்றங்களில் 2025இல் வாகன நிறுத்த வசூலைத் தனியார் நிறுவனத்திடம் கொடுத்தபோது எழுந்த சலசலப்பு, வரியில் வராத பணம் எந்த வழியில் வரும் என்பதைக் காட்டியது. வரிக்கு மட்டும் வரம்பு போட்டுக் கட்டணங்களைத் திறந்துவிட்டால் பயன் இல்லை.

நீண்டகாலக் கடன், பல ஆண்டுகளுக்குப் பிணைக்கும் சலுகை ஒப்பந்தம், பொது நிலத்தை விற்பது அல்லது மாற்றிக்கொடுப்பது, புதுத் தலைமையகம் போன்ற பெருங்கட்டடங்கள், இவற்றுக்கு மக்கள் ஒப்புதல் கேட்கலாம். இன்று இவற்றுக்கெல்லாம் மாநில அரசின் கையெழுத்து ஒன்று போதும். கையெழுத்திட்டவர் பதவியில் இல்லாத காலத்திலும் செமினிக்காரர் கட்டிக்கொண்டிருக்கும் செலவுகள் இவை. மதிப்பீட்டு வரியைப் பொறுத்தவரை, ஐந்தாண்டுத் திருத்தத்தை உண்மையிலேயே ஐந்தாண்டுக்கு ஒரு முறை நடத்தினால் போதும். சின்னச் சின்ன உயர்வுக்கு யாரும் தெருவில் இறங்க மாட்டார்கள். இதற்கெல்லாம் முன்னால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் வேண்டும். ஏன் இந்தப் பணம் தேவை என்று வீடு வீடாக வந்து வாதாட ஒருவர் இல்லாமல் வாக்கெடுப்பு வைத்தால் வேண்டாம் என்பதே எப்போதும் வெல்லும். நியமன உறுப்பினருக்கு அப்படி வந்து வாதாட என்ன அவசியம்? 2006இல் கிள்ளான் நகராண்மைக் கழக உறுப்பினர் ஒருவர் அனுமதி பெறாமல் மாளிகை கட்டியதும், தன் சொத்துகளுக்குப் பல ஆண்டு மதிப்பீட்டு வரியே கட்டாததும் அம்பலமானபோது, அவரை விலக்கியது பத்திரிகைகளின் கூச்சல். வாக்காளரிடம் அதற்கு வழி இருக்கவில்லை.

தீராமல் நிற்கும் சிக்கல் ஒன்று இருக்கிறது: யார் வாக்களிப்பது? செமினியின் புதுக் குடியிருப்புகளில் கணிசமான வீடுகள் முதலீட்டுக்கு வாங்கியவை. உரிமையாளர் சிங்கப்பூரிலோ பினாங்கிலோ இருப்பார். வரி அவர் கட்டுவார். வீட்டில் இருப்பவர் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக மாணவராகவோ, பாங்கியில் வேலை செய்யும் இளம் தம்பதியாகவோ இருப்பார்கள். வரி அவர்கள் கட்டும் வாடகைக்குள் ஒளிந்திருக்கும். 1857இல் போல வரி கட்டுபவருக்கே வாக்கு என்றால் குழந்தையைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகும் வாடகைக்காரருக்கு நடைபாதையைப் பற்றிச் சொல்ல இடமில்லை. குடியிருப்பவருக்கு மட்டும் என்றால் பணம் கட்டும் உரிமையாளர் அநியாயம் என்பார். அமெரிக்க ஊர்களும் சுவிஸ் ஊராட்சிகளும் அங்கே பதிவுபெற்று வாழும் குடிமக்களுக்கே வாக்கைத் தந்திருக்கின்றன. நானும் அந்தப் பக்கமே. உரிமையாளர் வாடகையை உயர்த்தித் தன் பங்கை மீட்டுக்கொள்ள முடியும். வாடகைக்காரருக்கு அந்த வசதி இல்லை. விளக்கு எரியாத தெருவில் இரவு பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புபவரும் அவர்தான். வாக்காளர் பட்டியலில் தன் முகவரியைச் செமினிக்கு மாற்றாமல் தைப்பிங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களை என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. தேர்தல் ஆணையத்தின் வேலை அங்கிருந்து தொடங்கும்.